சிவப்பு அட்டைக் கட்டில்

கந்தவத்தை ஆஸ்பத்திரியின் நெஞ்சுநோய் வார்டில் பிழைப்பதும் சாவதும் ஒரு காலத்தில் ஒழுங்கில்லாமல் நடந்துகொண்டிருந்தன. இன்றைக்குள் முடிந்துவிடும் என்று எல்லாரும் கைவிட்டவர் எழுந்து உட்கார்ந்து பாணும் பருப்பும் கேட்பார். வீட்டுக்குப் போகத் தலை சீவிக்கொண்டிருந்தவர் சீப்பும் கையுமாகச் சாய்ந்துவிடுவார். இந்த அலங்கோலத்துக்கு ஒரு முடிவு கட்டவேண்டும் என்றுதான் டொக்டர் குமாரசிங்கம் லண்டனுக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தார்.

வரும்போது அவர் மருந்து எதுவும் கொண்டுவரவில்லை. கேள்விகள் கொண்டுவந்தார். நாள்பட்ட நெஞ்சுநோய்க்காரர் பனிக்காலத்தில் மூச்சு முற்றி வார்டுக்கு வந்தால் அந்தக் கேள்விகளைக் கேட்டு, பதில்களைக் கம்பியூட்டரில் தட்டவேண்டும். கம்பியூட்டர் நோயாளியின் முடிவைச் சொல்லும். பிழைப்பவருக்குப் பச்சை அட்டை. சாகிறவருக்குச் சிவப்பு. இரண்டும் கெட்டானுக்கு மஞ்சள். அட்டை கட்டிலின் கால்மாட்டில் தொங்கும்.

சண்டை ஓய்ந்திருந்த வருடங்கள் அவை. வெளிநாட்டு நிறுவனங்கள் பணம் கொடுக்க இடம் தேடித் திரிந்தன. ஒரு நிறுவனம் கந்தவத்தைக்கும் வந்தது. கம்பியூட்டர் வந்தது. அதற்குக் குளிரூட்டிய அறை வந்தது. அட்டைகளும், அட்டைகளை மாட்டக் கொக்கிகளும் வந்தன. ஒக்சிசன் சிலிண்டர் மட்டும் முன்போலவே ஒன்றுதான் இருந்தது.

ஒரு சிலிண்டரை வார்டு முழுவதற்கும் எப்படிப் பங்கிடுவது? டொக்டர் குமாரசிங்கத்திடம் அதற்கும் விடை இருந்தது. பச்சைக்காரர் எப்படியும் பிழைக்கப்போகிறார். அவருக்குக் கொடுப்பது வீண். சிவப்புக்காரர் எப்படியும் சாகப்போகிறார். அவருக்குக் கொடுப்பதும் வீண். எனவே மஞ்சளுக்குக் கொடு. இந்த ஏற்பாட்டில் எங்கே பிழை இருக்கிறது என்று மேலிடத்தில் பலர் கூடி யோசித்துப் பார்த்தார்கள். ஒருவருக்கும் அகப்படவில்லை. பாராட்டுக் கடிதம் அனுப்பினார்கள்.

அந்த வருடத்துத் தைப் பனியில் கருப்பம்மாவைக் கொழுந்து லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். மடுல்சீமைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்தெடுத்து ஓய்ந்தவள். லயத்துக் காம்பராவில், அந்த ஒற்றை அறை வீட்டில், புகைபோக்கி கிடையாது. கலியாணம் முடித்து வந்த நாளிலிருந்து அந்த அடுப்பை ஊதி ஊதி, இப்போது நெஞ்சு தன்பாட்டில் ஊதிக்கொண்டிருந்தது. மகள் ஜீவராணி தாயைத் தோளில் தாங்கி வாங்குப் பலகையில் உட்காரவைத்தாள். கருப்பம்மாவின் உதடு நாவற்பழம் தின்றதுபோல இருந்தது. இரண்டு சொல்லுக்கு ஒரு தடவை நின்று மூச்சு இழுத்தாள்.

நேர்ஸ் பிரசாந்தினி கம்பியூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"அம்மா, கேக்கிறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கோ. ஓம், இல்லை, ரெண்டிலை ஒண்டு." பிறகு திரையைப் பார்த்து வாசித்தாள். "சமதரையில் உங்கள் வயதை ஒத்தவர்களுடன் சமமாக நடப்பீர்களா?"

"எதுலங்க?"

"சமதரை. ஏத்தம் இறக்கம் இல்லாத நிலம்."

கருப்பம்மா யோசித்தாள். மூச்சு முட்டும்போது யோசிப்பது சிரமம். ஆனாலும் மரியாதைக்கு யோசித்தாள்.

"அப்படி எடம்... எங்க தோட்டத்துல இல்லீங்களே மிஸ்ஸி. பீலிக்குப் போனா... எறக்கம். தண்ணியோட வந்தா... ஏத்தம். கோயிலுக்குப் படி. வேலைக்குப் போறது... மலைக்கு."

"இருந்தா நடப்பீங்களோ?"

"நடந்து பாத்ததில்லீங்க. பொய் சொல்லப்படாது."

கம்பியூட்டருக்கு இவ்வளவு விவரம் தேவைப்படவில்லை. பிரசாந்தினி 'இல்லை' என்று தட்டினாள்.

"துணையின்றி வீட்டை விட்டு வெளியே போவீர்களா?"

"தனியாவா? சிறுத்த திரியுதுங்க. கும்பலாத்தான் போவோம்."

இல்லை.

"உடை அணியும்போது மூச்சு வாங்குமா?"

"மழ நாள்ல... படங்கு கட்டுறப்ப வாங்கும்ங்க. நனைஞ்ச சாக்கு... கனக்குமில்ல."

ஆம்.

"புகை பிடிப்பீர்களா?"

"சீ. என்னங்க மிஸ்ஸி."

இல்லை. அடுப்பைப் பற்றிக் கம்பியூட்டர் எதுவும் கேட்கவில்லை. லண்டனில் அடுப்பு வேறு மாதிரி.

திரை சிவந்தது. பிரசாந்தினி அட்டையை எடுத்து, கதவோரக் கட்டிலில் மாட்டினாள். சிவப்புக்கான கட்டில் அதுதான். ட்ரொலியைத் திருப்புவதற்கு அங்கேதான் இடம் இருந்தது.

டொக்டர் குமாரசிங்கம் கெட்ட செய்தியை மற்றவர்களிடம் விட்டுவிடுகிற ஆள் இல்லை. ஜீவராணியைத் தானே கூப்பிட்டுப் பேசினார்.

"பிள்ளை, நாங்கள் இஞ்ச ஆரையும் ஏமாத்துறேல்லை. உங்கட அம்மா வெள்ளிக்கிழமை தாண்டமாட்டா."

ஜீவராணி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். பிறகு எடுத்தாள். "ஏதாச்சும் ஊசி கீசி போட்டுப் பாக்க ஏலாதுங்களா ஐயா?"

"போடலாம். ஆனா முடிவு தெரிஞ்ச பிறகு ஊசி போடுறது, சோதினை எழுதி மறுமொழி வந்த பிறகு இருந்து படிக்கிற மாதிரி."

"அந்தக் காத்துக் குழாயாச்சும்..."

"அது மஞ்சள் அட்டைக்கு."

"அப்ப மஞ்ச அட்டை ஒண்ணு குடுங்களேன் ஐயா. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

டொக்டர் கோபிக்கவில்லை. படிக்காத சனங்களோடு பொறுமையாகப் பேசவேண்டும் என்பதில் அவர் கண்டிப்பானவர்.

"அட்டை நான் குடுக்கிறேல்லை, பிள்ளை. அதை நோய் குடுக்குது. நான் கட்டிலிலை கொழுவி மட்டும் விடுறன்."

ஜீவராணி அழுதுகொண்டே தோட்டத்துக்குப் போனாள். ஆகவேண்டியதைப் பார்க்கவேண்டும் அல்லவா?

அடுத்த கட்டிலில் பாக்கியலெட்சுமி என்று ஒருத்தி இருந்தாள். லுணுகலைப் பக்கத்துத் தோட்டக்காரி. அவளுக்கு மஞ்சள் அட்டை. ஆகவே மூக்கில் ஒக்சிசன் குழாய். அன்று காலையிலிருந்து அவள் கதவோரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே கருப்பம்மா கரையில் போட்ட மீன்போல வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். மத்தியானம் டொக்டர்மார் சாப்பிடப் போனார்கள். பாக்கியலெட்சுமி குழாயைக் கழற்றிக் கையில் பிடித்தாள்.

"ஏ, மடுல்சீமை. ஒங்கிட்டத்தான். எட்டுதா?"

எட்டவில்லை. குழாய் பாதி வழியில் நின்றுவிட்டது. வார்டு துடைத்துக்கொண்டிருந்த அட்டெண்டன் ஜுனைதீனை அவள் அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டாள்.

"நானா, இந்த உருளைய அங்கிட்டு கொஞ்சம் தள்ளிவிடுங்களேன்."

"எனக்கிட்ட ஒண்ணும் செல்லவாணாம்," என்றான் ஜுனைதீன். "சிவப்புக்குக் குடுத்தா என்ட வேல போகும். நான் நெலம் தொடைக்கிற ஆளு."

சொல்லிவிட்டு நிலத்தைப் பார்த்தான். சிலிண்டருக்கு அடியில் அழுக்கு இருப்பது தெரிந்தது. அதைத் துடைப்பதற்காகச் சிலிண்டரை உருட்டிக் கதவோரம் கொண்டுபோய் நிறுத்தினான். அன்றிலிருந்து ஒவ்வொரு மத்தியானமும் அந்த இடத்தில் அழுக்குச் சேர்ந்தது. பிறகு டொக்டர்மார் தேத்தண்ணிக்குப் போகும் நேரங்களிலும் சேர ஆரம்பித்தது.

கருப்பம்மாவுக்குக் குழாயை மூக்கில் வைத்துக்கொள்ளக் கூச்சமாக இருந்தது. "ஒன் மூச்சு... நான் எப்படி?"

"பீலியில மொற வச்சுத் தண்ணி புடிக்கிறோமில்ல, அந்த மாதிரித்தான். நீ ஒரு கொடம், நான் ஒரு கொடம். பேசாம இழு."

வெள்ளிக்கிழமை வந்தது. காலையிலேயே ஆஸ்பத்திரி வாசலில் தோட்டத்து லொறி வந்து நின்றது. லயத்துச் சனம் பாதி அதில் இருந்தது. தப்படிக்கிறவர்கள் நெருப்பு மூட்டித் தப்பைக் காய்ச்சத் தொடங்கினார்கள். தோட்டத்துத் தச்சன் செய்துகொடுத்த பெட்டியை இரண்டு பேர் இறக்கினார்கள். ஜீவராணி தலையை விரித்துக்கொண்டு ஒப்பாரியோடு வார்டுக்குள் ஓடிவந்தாள். கருப்பம்மா கட்டிலில் உட்கார்ந்து பணிசைத் தேத்தண்ணியில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தாள்.

ஒப்பாரி நடுவில் நின்றது.

"என்னடி, தலையும் கோலமுமா?" என்றாள் கருப்பம்மா.

ஜீவராணி அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். பிறகு விலகி நின்று திட்டினாள். "நீ நல்லாயிருக்கன்னு ஒரு வார்த்த சொல்லி அனுப்பியிருக்கக் கூடாதா? சனம் எல்லாம் வந்து நிக்குது. கணக்கப்பிள்ளைகிட்ட சாவுன்னு சொல்லி லீவு வாங்கியிருக்கோம். நான் அந்த மனுசன் மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"எனக்கு என்னாடி தெரியும்? நானும் காத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

வந்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கை கூப்புவதா, சுகம் விசாரிப்பதா என்று தெரியாமல் சிலர் இரண்டையும் செய்தார்கள். ஜுனைதீன் வாசலுக்குப் போய்த் தப்புக்காரர்களிடம் சொன்னான்: "இன்னம் முடியல்ல. அடுத்த கெழம பாத்துட்டு வாங்க." பெட்டியைத் திருப்பி ஏற்றிக்கொண்டு லொறி போயிற்று.

டொக்டர் குமாரசிங்கம் அன்று பகல் சாப்பிடவில்லை. அந்தத் திட்டம் தொடங்கியதிலிருந்து கணிப்பு ஒருமுறைகூடப் பிழைத்ததில்லை. சிவப்பு அட்டைக்காரர்கள் எல்லாரும், ஒக்சிசன் இல்லாமல், சொன்ன சொல் தவறாமல் போயிருந்தார்கள். இப்படி ஒருத்தி இதுவரை வந்ததில்லை.

விசாரணைக் குழு ஒன்று கூடியது. குழு என்பது டொக்டரும், நேர்ஸும், கம்பியூட்டர் பழுது பார்க்கிறவரும். கட்டிலைச் சுற்றி நின்றார்கள்.

"கருப்பம்மா, பயப்பிடாதேங்கோ," என்றார் டொக்டர். "உங்களிலை எங்களுக்கு ஒரு கோவமும் இல்லை. உண்மையைச் சொல்லுங்கோ. நீங்கள் ஒக்சிசன் எடுத்தனீங்களோ?"

கருப்பம்மா பாக்கியலெட்சுமியைப் பார்த்தாள். பாக்கியலெட்சுமி கூரையைப் பார்த்தாள். ஜுனைதீன் வாளியைப் பார்த்தான்.

"எடுக்கலீங்க," என்றாள் கருப்பம்மா. "லேசா மோந்து பாத்தேன்."

டொக்டர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் குரல் தழுதழுத்தது. அவர் நேர்மையான மனிதர், உள்ளதை உள்ளபடி சொல்பவர்.

"ஒக்சிசன் குடுத்தா ஆரும் பிழைப்பினம். அதிலை என்ன கெட்டித்தனம் இருக்கு? ஒவ்வொருத்தரும் உப்பிடிப் பிழைக்க வெளிக்கிட்டா எங்கட கணிப்புக்கு என்ன மரியாதை? எத்தினை வருசப் படிப்பு, எத்தினை பேரின்ரை உழைப்பு. ஒரு மனுசி மூக்கை நீட்டி எல்லாத்தையும் பழுதாக்கிப்போட்டா."

கம்பியூட்டர் பழுது பார்க்கிறவர் தலையை ஆட்டினார். கருப்பம்மாவுக்கு உண்மையாகவே மனம் நொந்தது. பெரிய மனிதர் தன்னால் இப்படிக் கலங்கி நிற்கிறாரே.

"தெரியாமச் செஞ்சுட்டேங்க ஐயா. மன்னிச்சிருங்க."

அன்று மாலையே சிலிண்டரைச் சங்கிலியால் கட்டிப் பூட்டினார்கள். மஞ்சள் கட்டில்களுக்கு எட்டும், கதவுக்கு எட்டாது என்று அளந்து கட்டினார்கள். ஆனால் அதற்குள் கருப்பம்மா தேறியிருந்தாள். பனியும் குறைந்திருந்தது. போதாததற்கு, அடுப்பில்லாத இடத்தில் இத்தனை நாள் தொடர்ந்து கிடப்பது அவள் பிறந்ததற்கு இதுதான் முதல் தடவை. அதை அவளோ, டொக்டரோ, கம்பியூட்டரோ கணக்கில் எடுக்கவில்லை.

பாக்கியலெட்சுமிதான் இன்னும் இழுத்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் அட்டைக்காரர்களிடம் வாராவாரம் கேள்விகளை மறுபடி கேட்பார்கள். இந்த முறை டொக்டரே வந்து கேட்டார். பின்னால் கோட்டுப் போட்ட மாணவர்கள் ஒரு கூட்டம்.

"எப்பிடிம்மா, சுகமோ?"

பாக்கியலெட்சுமி சட்டென்று எழுந்து உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்தாள். "நல்லாயிருக்கேங்க ஐயா."

"சமதரையிலை நடப்பீங்களோ?"

"ஆமாங்க ஐயா."

"உடுப்பு மாத்தேக்கை கஷ்டமோ?"

"ஒரு கஷ்டமும் இல்லீங்க ஐயா. ஒங்க புண்ணியத்துல."

எல்லாவற்றுக்கும் அப்படியே சொன்னாள். அட்டை பச்சையாயிற்று. குழாயைக் கழற்றினார்கள். வெளியேறும் துண்டு வெட்டி, வீட்டுக்குப் போகச் சொன்னார்கள்.

டொக்டர் அப்பால் போனதும் கருப்பம்மா பாய்ந்தாள். "ஏன்டி, காலையில கூட கக்கூசுக்குப் போய் வர முடியாம செவுத்தப் புடிச்சுக்கிட்டு நின்னியே. சொல்லித் தொலைக்கிறதுக்கு என்னா?"

"அத்தன பேருக்கு முன்னால பெரிய ஐயா வந்து கேக்கிறாரு. நல்லாயில்லன்னா சொல்றது?" பாக்கியலெட்சுமி துணிப்பையைத் தேடி எடுத்தாள். "அவரு மனசு சங்கடப்படாதா? நீ வேற ஏற்கெனவே அந்த மனுசன அழ வச்சிருக்க."

"போற வழியில ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"ஒன் வாயில நல்ல வார்த்தையே வராதா?" சிரித்தாள். சிரிப்பு இருமலாகிப் பையின்மேல் குனிந்து கிடந்தாள். நிமிர்ந்ததும், "லுணுகலைக்கு வந்தா வா. எங்க பீலியில தண்ணி நல்லா வரும்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் ஜுனைதீன் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு கட்டிலருகே நின்றான்.

"அந்தப் பொம்புள," என்றான். "பஸ்ஸுலயே மவுத்தாப் போயிட்டா. லுணுகலைக்குக் கிட்டப் போகக்குள்ள. பக்கத்துல ஈந்தவங்க தூங்குறான்னு நெனச்சீக்காங்க."

கருப்பம்மா பக்கத்துக் கட்டிலைப் பார்த்தாள். விரிப்பு மாற்றியிருந்தார்கள்.

டொக்டருக்கும் செய்தி எட்டியது. மாணவர்களுக்கு அதையே அன்றைய பாடமாக வைத்தார். கருப்பம்மா கட்டிலில் கிடந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்கட கணிப்பு என்ன? நோயாளி வார்டை விட்டு உயிரோடை போவா எண்டு. போனவவோ இல்லையோ?"

"போனா, சேர்."

"அப்ப கணிப்புச் சரி. பிறகு நடந்தது பஸ்ஸிலை நடந்தது. பஸ் எங்கட வார்டில்லை. பஸ்ஸுக்குக் கணிப்பு வேணுமெண்டா பஸ் கொம்பனி செய்யட்டும்."

மாணவர்கள் எழுதிக்கொண்டார்கள். கருப்பம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அன்றைக்குச் சோறு வேண்டாம் என்றுவிட்டாள்.

பணம் கொடுத்த நிறுவனத்தார் கொழும்பிலிருந்து பார்வையிட வந்தார்கள். வார்டுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். வாசலில் நிறைகுடம் வைத்தார்கள். வந்தவர்களுக்குப் பதுளையிலிருந்து மாலைகள் வரவழைக்கப்பட்டன. மாலை வரவழைத்த வேனில் ஒக்சிசன் சிலிண்டர் ஒன்றும் வந்திருக்கலாம். ஆனால் வேன் மாலைக்கென்று கேட்டு வாங்கியது.

டொக்டர் குமாரசிங்கம் நீளமாகப் பேசினார். பச்சைக்காரர் எல்லாரும் உயிரோடு வெளியேறியதையும், சிவப்புக்காரர் எல்லாரும் கணித்தபடியே முடிந்ததையும் சொன்னார். நிறுவனத் தலைவர் கையைத் தூக்கினார். கதவோரத்தில் சிவப்பு அட்டைக்குக் கீழே ஒரு அம்மாள் உட்கார்ந்து தலை பின்னுகிறாரே, அவர் யார்?

கருப்பம்மா பின்னலை விட்டுவிட்டுக் கும்பிட்டாள்.

"அவவின்ரை கணிப்பும் சரிதான்," என்றார் டொக்டர். "வெள்ளிக்கிழமை எண்டு சொன்னனாங்கள். எந்த வெள்ளி எண்டு அவசரப்பட்டுச் சொல்லேல்லை. அறிவியலிலை அவசரம் கூடாது."

கைதட்டினார்கள். ஆனாலும் தலைவர் போகும்போது டொக்டரைத் தனியே கூப்பிட்டு ஒரு வழி சொல்லிவிட்டுப் போனார். தன் விருப்பத்தில் வார்டை விட்டுப் போகிறவர்களை எந்தக் கணக்கிலும் சேர்ப்பதில்லை. அவர்கள் பிழைத்தவர்களும் அல்ல, செத்தவர்களும் அல்ல. அந்த அம்மாள் தானாகக் கேட்டுப் போனால் யாருக்கும் தொந்தரவில்லை.

டொக்டர் அன்று மாலையே கட்டிலருகே வந்தார். இத்தனை நாளில் முதல் தடவையாக நாற்காலி இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"வீட்டை போக விருப்பமோ, அம்மா?"

"போகலாங்களா?" கருப்பம்மாவுக்கு நம்பமுடியவில்லை. "போறேங்க ஐயா. இப்பவே போறேன்."

"நாங்கள் அனுப்பேலாது. நாங்கள் அனுப்பினா நீங்கள் சுகப்பட்டதாப் போயிடும். நீங்களாப் போறன் எண்டு கைநாட்டு வைக்கவேணும்."

"எத்தன எடத்துல வேணும்னாலும் வைக்கிறேங்க."

மறுநாள் ஜீவராணி வந்தாள். கீழே ரோட்டில் கொழுந்து லொறி நின்றது. டிரைவரிடம் கெஞ்சி நிறுத்திவைத்திருந்தாள். கருப்பம்மா குளித்து, வெள்ளைச் சேலை உடுத்தி, கம்பளியை மடித்துக் கட்டிலில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். பிரசாந்தினி கடதாசியும் மைப்பெட்டியும் கொண்டுவந்தாள்.

அந்த நேரத்தில் கதவு தடாலென்று திறந்தது. இரண்டு ஆண்கள் கம்பளியில் ஒரு பெண்ணைச் சுருட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வேறு தோட்டமொன்றின் கீழ்ப்பிரட்டுப் பிரிவு அங்கம்மா என்றார்கள். கருப்பம்மாவுக்கு ஆளைத் தெரியாது. நாவற்பழ உதட்டைத் தெரிந்தது.

பிரசாந்தினி மைப்பெட்டியைக் கட்டிலில் வைத்துவிட்டு ஓடினாள். கம்பியூட்டர் அறையின் கதவு திறந்தே கிடந்தது. கேள்விகள் கேட்டன. பதில்கள் கேட்கவில்லை. அங்கம்மாவால் தலையை மட்டுந்தான் ஆட்ட முடிந்தது. சமதரை என்றதற்கு, இல்லை. தனியாக என்றதற்கு, இல்லை. கம்பியூட்டர் 'பீப்' என்றது. மறுபடி 'பீப்' என்றது. பிரசாந்தினி எரிச்சலோடு தலையை வெளியே நீட்டினாள்.

"கருப்பம்மா, கெதியா கைநாட்டை வைச்சிட்டு எழும்புங்கோ. இவவைப் பதியேலாமக் கிடக்கு."

"ஏங்க மிஸ்ஸி?"

"சிவப்புக்கு ஒரு கட்டில்தான். அதிலை நீங்கள் இருக்கிறீங்கள் எண்டு கம்பியூட்டர் கத்துது."

கருப்பம்மாவின் பெருவிரல் மையில் இருந்தது. அதை எடுத்தாள்.

"நான் எழும்பலேன்னா?"

"எழும்பாட்டி என்ன, அது சிவப்பை எடுக்காது. மஞ்சளிலைதான் போடவேணும்."

கீழே லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான். ஜீவராணி பையைத் தூக்கித் தோளில் மாட்டினாள். "அம்மா, வா. அந்தாளு விட்டுட்டுப் போயிருவான்."

கருப்பம்மா விரலை முந்தானையில் துடைத்தாள். வெள்ளைச் சேலையில் மை ஈஷிக்கொண்டது. மடித்த கம்பளியை உதறி விரித்து, காலை நீட்டிப் படுத்தாள்.

"அப்ப மஞ்சள்லயே போடுங்க மிஸ்ஸி. எனக்கு மூச்சு முட்டுது."

"அம்மா!"

"லொறிய அனுப்பிரு."

"பொய் சொல்லாத. இப்பத்தான் குளிச்சிட்டுப் பாட்டுப் பாடிக்கிட்டு வந்த."

"நான் சொன்னா பொய். ஐயா சொன்னதும் பொய்யா? செத்துருவேன்னு சொல்லியிருக்காரு. செத்துட்டு வர்றேன், போ."

பிரசாந்தினி டொக்டரைக் கூப்பிட்டாள். அவர் மாணவர்களோடு வேகமாக வந்தார். ஏறி வந்ததில் அவருக்கே மூச்சு வாங்கியது.

"என்ன இது, அம்மா? போறன் எண்டு சொன்னனீங்கள்."

"போற விருப்பம் போயிருச்சுங்க ஐயா."

"உங்களுக்கு ஒண்டும் இல்லை. வடிவாச் சுகப்பட்டிட்டீங்கள்."

"அப்படீங்களா?" கருப்பம்மா முழங்கையை ஊன்றி எழுந்தாள். அவள் குரலில் மரியாதைக்குக் குறைவில்லை. "அப்ப கம்பியூட்டர் சொன்னது பிழைங்களா ஐயா?"

மாணவர்கள் டொக்டரைப் பார்த்தார்கள். அவர் கால்மாட்டு அட்டையைப் பார்த்தார்.

"பிழை எண்டில்லை."

"அப்ப நான் சாவேன்ல?"

டொக்டர் மாணவர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பினார்.

"சாவீங்கள்," என்றார்.

"அதுவரைக்கும் இங்கனயே கெடக்கேங்க. நீங்க சொன்ன சொல்லு வீணாகப்படாது."

டொக்டர் கால்மாட்டு அட்டையை நேராக்கி விட்டார். பிறகு மாணவர்களை அழைத்துக்கொண்டு அடுத்த வார்டுக்குப் போய்விட்டார். பிரசாந்தினி பக்கத்துக் கட்டிலில் மஞ்சள் அட்டையை மாட்டினாள். ஜுனைதீன் யாரும் சொல்லாமலே சிலிண்டரைச் சங்கிலி எட்டும்வரை உருட்டி வந்தான். குழாயை மூக்கில் வைத்த பிறகும் அங்கம்மா வெகுநேரம் இழுத்தாள். மத்தியானம் ஆனபோது உதட்டில் கறுப்பு வெளுக்கத் தொடங்கியது. லொறி எப்போதோ போயிருந்தது.

அவ்வருட முடிவில் டொக்டர் குமாரசிங்கத்தின் அறிக்கை கொழும்பில் வாசிக்கப்பட்டது. திட்டத்தின் பயனாக ஊவா மாகாணத் தோட்டங்களில் கடுமையான நெஞ்சுநோய் ஏறக்குறைய ஒழிந்துவிட்டது, வருடம் முழுவதும் சிவப்பு அட்டைக்காரர் ஒருவர் மட்டுமே, அவருடைய முடிவும் எதிர்பார்க்கப்படுகிறது என்று அதில் கண்டிருந்தது. நிறுவனம் மனம் மகிழ்ந்து இன்னொரு கம்பியூட்டர் அனுப்பியது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஜீவராணி ரொட்டியும் கட்டைச் சம்பலும் கொண்டுவந்து, கதவோரக் கட்டிலில் உட்கார்ந்து தாயைத் திட்டுவாள்.

"கூப்பிட்டுக் கூப்பிட்டு வாய் வலிச்சுப்போச்சு. காம்பராவுல புகைபோக்கி கூட வச்சாச்சு. ஒனக்கு என்னதான் வேணும்? கல்லுக்குண்டு மாதிரி நல்லாத்தானே இருக்க."

"மெதுவாப் பேசுடி," என்பாள் கருப்பம்மா, ரொட்டியைப் பிட்டுக்கொண்டே. "அவங்க காதுல விழுந்துரப் போகுது."